கீழ்வீட்டு நாய்கள்

என்னோடு வேலை பார்க்கிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறை மலையேறப் போகிறார்கள். அதற்கென்று தனி ஷூ, தனிப் பை, முதுகில் தண்ணீரைச் சுமந்துகொண்டு குழாயில் உறிஞ்சிக் குடிக்க ஒரு சாமான். திங்கட்கிழமை வந்து படங்களைக் காட்டுவார்கள். போன முறை ஒருத்தர் தன் நாயையும் கூட்டிப் போயிருந்தார். வெயிலில் காய்கிற பாறைமேல் அது நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிற படம். எல்லோரும் அழகு அழகு என்றார்கள். நான் எழுந்து போய்விட்டேன். அதற்குத் தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். நான் கேட்கிற விதம் அப்படி.

நானும் நாய்களோடு மலையேறியவள்தான். தாம்பரத்தில் எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்த மொட்டைக் கல்மலை. ரப்பர் செருப்பு, பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டில், எங்களுடையது அல்லாத இரண்டு நாய்கள்.

நாய்கள் ஹவுஸ் ஓனருடையவை. ஓனர் கீழே இருந்தார், நாங்கள் மாடியில். அப்பாவுக்கு மறைமலை நகரில் ஒரு கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. விடியும்போது கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகு வருவார். மாடியில் மழை பெய்தால் சமையலறைச் சுவர் ஊறும். சொன்னால், "இந்த ஏரியாவுல இந்த வாடகைக்கு வேற எங்க கிடைக்கும், நீங்களே சொல்லுங்க" என்பார் ஓனர். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் அவருடைய சமையலறைக்குள் இருந்தது. எங்களுக்குத் தண்ணீர் வராவிட்டால் அம்மா மாடிப்படியில் பாதி இறங்கி நின்று, "சார், தண்ணி வரல" என்று குரல் கொடுப்பாள். மீதிப் பாதி இறங்க மாட்டாள். அவர் கெட்டவர் என்று அந்தத் தெருவில் யாரும் சொன்னதில்லை. வாடகைக்கு இருக்கிறவர்களிடம் யாரும் கேட்டதும் இல்லை.

பொங்கல் முடிந்ததும் அவர் மாடிக்கு வந்தார். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாடி வேண்டும், காலி செய்துகொடுங்கள் என்றார். அக்கா அப்போது பன்னிரண்டாவது. மார்ச்சில் பொதுத்தேர்வு. வீட்டில் டிவிக்கு ஒயர் பிடுங்கி வைத்திருந்த காலம். அக்கா என்ஜினியரிங் சேர வேண்டும், அதற்குக் கணக்கிலும் இயற்பியலிலும் வேதியியலிலும் வாங்குகிற மார்க்தான் முக்கியம் என்று அம்மா காய்கறி வண்டிக்காரரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தாள். இப்போது ஓனரிடமும் அதைச் சொன்னாள்.

"அவ பரீட்சை முடிஞ்சிரட்டும் சார். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட இருக்க மாட்டோம்."

ஓனர் கொஞ்சம் யோசித்தார். சரி, இருங்கள் என்றார். பிறகு வேறு விஷயம் பேசுகிற மாதிரி, மகளுக்குப் பிரசவம், அவரும் மனைவியும் பெங்களூர் போகிறார்கள், வர ஒன்றரை மாதம் ஆகும், நாய்களை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். அப்பா பதில் சொல்லும் வரை அவர் போகவில்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார் என்று அப்பா சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்.

"உங்கள நம்பி விட்டுட்டுப் போறேன்" என்று சாவியைக் கொடுத்தார். பின்கதவு வழியாகச் சமையலறைக்குப் போகலாம், நாய்களுக்கான சாப்பாட்டை எடுக்கலாம், மோட்டார் போடலாம். ஹாலுக்குள் போகிற வேலை இல்லை. அதையும் தெளிவாகச் சொன்னார்.

நாய்களில் பெரியது புருனோ. மஞ்சள் நிற லேப்ரடார். தின்று தின்று முதுகு மேஜை மாதிரி ஆகியிருந்தது. சின்னது ஜூலி, வெள்ளைப் பொமரேனியன், எதைப் பார்த்தாலும் குரைக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை கேட்டுக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே விட்டுத் தொட்ட நாய்கள். அப்பாவுக்கு எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. சங்கிலியை உடம்பை விட்டு முடிந்த அளவு தள்ளி, கையை நீட்டியே பிடிப்பார். நாயைப் பிடிக்கிற முறை அதுதான் என்று நினைத்து நானும் அப்படியே பிடித்தேன். அவருக்கு நாய் என்றாலே பயம், சின்ன வயதில் கடிபட்டு வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டவர் என்று அம்மா சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

வேலை நாட்களில் இருட்டு விலகுவதற்கு முன்பே நாய்களை வெளியே கூட்டிப் போய் வந்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. முதல் ஞாயிறு காலையில் தெரு வழியாகவே போனார். எதிர்வீட்டில் ஒரு ரிட்டையர்டு சார் இருந்தார். ஓனருக்கு நெருக்கம். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். எங்களுக்குப் பெயர் இருப்பதாக அவர் காட்டிக்கொண்டதில்லை. அப்பாவை 'மாடி' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மாடி, பார்ட் டைம் வேலையா?" என்றார்.

பால் வாங்கப் போனவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அவர் காலையில் கிளம்பவில்லை. சர்ச்சுக்குப் போனவர்களும் கறி வாங்கப் போனவர்களும் திரும்பி வந்து, வீடுகளில் குக்கர் விசில் கேட்க ஆரம்பித்து, தெரு காலியான பிறகு என்னிடம் வந்தார். "மலைக்குப் போலாமா?" என்றார். அதற்கு முன் என்னை அவர் எங்கேயும் அப்படித் தனியாக அழைத்ததில்லை. அக்கா படிக்க என் வாய் வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது என்று அம்மாவும் உடனே சம்மதித்தாள். வெயில் இருக்கிறதே என்று அன்று யாரும் சொல்லவில்லை. வெயில்தான் அப்பாவுக்குத் தேவைப்பட்டது. அந்த வெயிலில் யாரும் வெளியே நின்று பார்க்க மாட்டார்கள்.

காலனியின் கடைசித் தெரு தண்ணீர்த் தொட்டியோடு முடியும். அதற்குப் பின்னால் வீடு இடித்த செங்கல், உடைந்த டைல்ஸ், அப்புறம் சீமைக்கருவேலம், அப்புறம் மலை. ஒரு காலத்தில் கல் உடைத்த மலை. ஒரு பக்கம் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம் மேலே இருக்கிற வேல் கோவிலுக்குப் படி கட்ட ஆரம்பித்து, உபயம் செய்தவர் பெயரை எல்லாப் படியிலும் எழுதி, பாதியில் நிறுத்தியிருந்தார்கள். பாதிக்கு மேல் பாறைதான். நிழல் என்று ஒன்று கிடையாது. சரளைக் கல்லில் கால் வழுக்கும்போது தரையைக் கையால் பிடிக்க வேண்டும், பிடித்தால் சுடும். பீர் பாட்டில் சில்லு பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

எங்களோடு கூப்பிடாமலே ஒரு நாய் வந்தது. தெருமுனையில் படுத்துக் கிடக்கிற செவலை. அது எங்களுக்கு முன்னால் போய், எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறி நின்று, திரும்பிப் பார்க்கும். நாங்கள் வந்து சேர்ந்ததும் மறுபடி போகும். கழுத்தில் பட்டை இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த மலையில் சந்தோஷமாக ஏறியது அது ஒன்றுதான். என்னைச் சேர்த்தால் இரண்டு.

மேலே போனால் எல்லாம் தெரிந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள், எலெக்ட்ரிக் ட்ரெயின், பாதி வற்றிய ஏரி, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்புகிற விமானங்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடியை நான் கண்டுபிடித்துக் கத்தினேன். அக்காவின் சுடிதார் கொடியில் காய்ந்தது. அப்பா பாறையில் உட்கார்ந்து, நாய்ச் சங்கிலிகளைக் காலால் மிதித்துக்கொண்டு, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி மூன்று நாலு ஞாயிறுகள் போனோம். பள்ளிக்கூடத்தில் நான்தான் மலையேறுகிற பெண்.

அதற்கடுத்த ஞாயிறு மாசி வெயில் முற்றியிருந்தது. கிளம்பும்போதே புருனோ கேட்டை விட்டு வர மறுத்தது. அப்பா இழுத்தார். படிகள் முடிகிற இடத்திலேயே அதற்கு மூச்சு இரைத்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரை நான் வழியிலேயே குடித்திருந்தேன், எனக்கும்தான் தாகம். பாறைச் சரிவில் ஏறி முடிக்கிற இடத்தில் மேலேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. கோவில் சுவரின் ஓரத்தில் பையன்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா நின்றார். திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பார். அதற்குள் ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். அவன் எழுந்ததும் மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். ஒருத்தன் கையிலிருந்த சிகரெட்டைப் பின்னால் போட்டான்.

"சார். நீங்களா சார்?"

அப்பாவிடம் வேலை பழகுகிற டிரெய்னிகள். மறைமலை நகரில் ஒரே ரூமில் தங்கியிருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் ட்ரெயின் ஏறி வந்திருக்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தேன். நீட்டியிருந்த கையை அவர் மடக்கிக்கொண்டார். சங்கிலி உடம்போடு ஒட்டியது. குரல் வேறாகியது. கம்பெனியில் அவர் பேசுகிற குரல் அது என்று அன்றுதான் தெரிந்தது.

"என்னப்பா, லீவு நாள்ல ரூம்ல துணி துவைக்கலாம்ல?"

"துவைச்சிட்டோம் சார்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள்.

"நாய் உங்களதா சார்?"

"ஆமா."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"லேப் சார் இது. செமயா கீது சார்" என்றவன் வண்டலூர்ப் பக்கத்துப் பையன். அவன் பேச்சு மட்டும் உள்ளூர்ப் பேச்சு. "இத்த வெச்சிருக்கணும்னா சொந்த வூடு இருக்கணும் சார். வாடகை வூட்ல பூனைகூட வெச்சிக்க வுட மாட்டானுங்கோ."

"சொந்த வீடுதான்" என்றார் அப்பா. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பது போல ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் புருனோ படுத்தது. முதலில் முன்கால்கள் மடங்கின. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. நாக்கு கறுத்த சிவப்பாகி, கயிறு மாதிரி எச்சில் வழிந்து, விலா எலும்பு வேகவேகமாக ஏறி இறங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் வாந்தி எடுத்தது. ஜூலி குரைப்பதை நிறுத்திவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்பா அப்படியே நின்றார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். நாய் செத்தால் வீடு போகும். வீடு போனால் அக்காவின் பரீட்சை. அத்தனையும் அந்தப் பாறைமேல் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தது.

வண்டலூர்ப் பையன்தான் முதலில் அசைந்தான். "சார், சூடு ஏறிச்சு சார். தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து, வாயில ஊத்தாத, வயித்துல ஊத்து" என்று நண்பர்களிடம் இருந்த பாட்டில்களையெல்லாம் வாங்கி நாயின் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றினான். இன்னொருவன் தன் பனியனைக் கழற்றி நனைத்து அதன் தலைமேல் போட்டான். மூன்றாமவன் நல்ல ஆகிருதி. குனிந்து, புருனோவை அரிசி மூட்டையைப் போலத் தோளில் ஏற்றினான்.

"நீங்க வழி காட்டுங்க சார். வீடு எங்க?"

கீழே தெருமுனை வரை வந்ததும் அப்பா, போதும்பா, இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு தடவை சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. சார் நாயைத் தூக்கிக்கொண்டு நடப்பதா என்றார்கள். அது மரியாதை. அந்த மரியாதைக்காகத்தானே அவர் சொந்த வீடு என்று சொன்னார்.

கேட் திறந்தது. மாடிப்படி இடது பக்கம், ஓனர் வீட்டு வாசல் நேரே. அப்பா ஒரு நொடி நடுவில் நின்றார். ஜூலி சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு நேரே தன் வீட்டு வாசலுக்குப் போய்க் கதவைப் பிறாண்டியது. நாயைச் சுமந்தவன் அதன் பின்னாலேயே போய் நின்றான். அப்பா பையிலிருந்து சாவியை எடுத்தார். பின்கதவுச் சாவி இருந்த அதே வளையத்தில் முன்கதவுச் சாவியும் இருந்தது. ஹாலைத் திறந்தார்.

நான் அந்த ஹாலுக்குள் அதற்கு முன் கால் வைத்ததில்லை. சோபாவுக்கு வெள்ளை உறை. கண்ணாடி அலமாரியில் பொம்மைகள். தரை சில்லென்று இருந்தது. பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, புருனோவை ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, சுவர் ஓரமாக நின்றார்கள். உட்காருங்கப்பா என்று அப்பா சொன்னார். உட்கார்ந்தார்கள்.

அம்மா மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. வந்ததும் ஒரு சத்தம் போடப் போகிறாள், அப்பா மாட்டினார் என்று நினைத்தேன். அம்மா படி முழுவதும் இறங்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, வாசலில் வந்து நின்றாள். பையன்கள் எழுந்தார்கள்.

"வணக்கம் மேடம். சார்கிட்ட வேலை பாக்குறோம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். அவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொண்டாள்.

"உக்காருங்க தம்பி, ஏன் நிக்கிறீங்க. இந்த வெயில்ல நாயக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு சொன்னா கேக்குறாரா பாருங்க" என்றபடி உள்ளே போனாள். பின்கதவு வழியாக என்னை மாடிக்கு அனுப்பி எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் எடுத்துவரச் சொன்னாள். ஓனர் வீட்டுச் சர்க்கரையைத் தொடவில்லை. டம்ளர் மட்டும் அவர்களுடையது, பூப்போட்ட கண்ணாடி டம்ளர்.

நான் திரும்பி வந்தபோது ஒரு பையன் சுவரில் மாட்டியிருந்த ஓனர் குடும்பத்தின் பெரிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவங்க யாரு மேடம்?"

"அவரோட அண்ணன் குடும்பம். பெங்களூர் போயிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. டம்ளரால் வாயை மூடிக்கொண்டேன். மாடியில் அக்கா வேதியியலைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவளுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது.

"மேல வாடகைக்கு விட்டிருக்கீங்களா மேடம்?"

"ஆமா தம்பி" என்றாள் அம்மா. எதிரே இருந்த சோபாவில், நடுவில், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நல்ல மாதிரி. மாசம் பொறந்தா வாடகை கையில வந்துரும். தண்ணிய ஒரு சொட்டு வீணாக்க மாட்டாங்க. அந்த அம்மா இருக்கற எடமே தெரியாது."

"பொண்ணு படிக்குது போல."

"பன்னெண்டாவது. நல்லாப் படிக்கும். டிவியே போடறதில்ல அவங்க வீட்ல." அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். "மேல சுவர் ஊறுதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க. பாவம், மழைக்காலத்துல கஷ்டம். இவர்கிட்ட நானும் சொல்றேன், கேக்க மாட்டேங்கிறார். இந்த வருஷமாவது ஆளக் கூப்பிட்டுப் பாத்துரணும்."

"எங்க ரூம் ஓனர்லாம் உங்கள மாதிரி இருந்தா நல்லாருக்கும் மேடம்" என்றான் ஒருவன்.

"அவங்களுக்கும் ஒரு எடம் வேணும்ல தம்பி. நாமளே போ போன்னா எங்க போவாங்க."

அப்பா புருனோவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஈரத் துண்டால் அதன் பாதங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உட்காருங்க சார், நாங்க பாத்துக்கறோம் என்று பையன்கள் சோபாவில் இடம் விட்டார்கள். பரவாயில்லப்பா என்றார். வண்டலூர்ப் பையன் இரண்டாம் தடவை எழுந்து இடம் கொடுத்தபோதும் அவர் எழவில்லை. கையை நாயின் கழுத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

கேட் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு சார்.

ஹால் கதவு திறந்திருக்கிறது, தெரியாத பையன்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். வாசற்படியில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோபா. டம்ளர்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா. அம்மாவின் முகத்தில் அதுவரை இருந்தது எல்லாம் போய்விட்டது. அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. எழுந்தால் தெரிந்துவிடும். அப்பா தரையிலிருந்து பாதி எழுந்து, பாதியிலேயே நின்றார்.

மேலே அக்காவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன சார், நாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வெயில், சார். இப்ப பரவாயில்ல."

"பாத்துக்கோங்க. உங்க மோட்டார் ஓடிட்டே இருக்கு போல. தொட்டி வழியுது பாருங்க சார்." பையன்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். மோட்டார் ஓடவே இல்லை. கிழவருக்குக் கண்ணும் போய்விட்டது, காதும் போய்விட்டது, மாடி யார் ஓனர் யார் என்பதுகூட மறந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் புருனோ தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தது. வால் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. பையன்கள் கிளம்பினார்கள். பனியன் கொடுத்தவனிடம் அம்மா அதைத் துவைத்துக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னாள். நாளைக்கு லைன்ல பாக்கலாம் என்று அப்பா கம்பெனிக் குரலில் சொன்னார். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை இருவரும் வாசலில் நின்று வழியனுப்பினார்கள், வீட்டுக்குச் சொந்தக்காரர்களைப் போல.

பிறகு அம்மா டம்ளர்களைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் இருந்த மாதிரி வைத்தாள். அப்பா சோபா உறையைத் தட்டிச் சரிசெய்தார். தரையைத் துடைத்தார். நாய் முடியை விரலால் பொறுக்கினார். இங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று நான் கேட்டேன். அப்பா ஹால் கதவைப் பூட்டினார்.

அன்று சாயங்காலமே எதிர்வீட்டு சார் பெங்களூருக்குப் போன் செய்துவிட்டார். பையன்கள் எதிரில் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றியதும் அவர்தான், வீட்டை விட்டு எங்களைக் கிளப்பியதும் அவர்தான். இரண்டையும் ஒரே நாளில் செய்தார். நான் அவரை மன்னிக்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

ஓனர் அந்த வாரமே வந்தார். சத்தம் போடவில்லை. நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார், பார்த்தார், நன்றாக இருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கோபமே இல்லை. "என் ஹால்ல உக்காந்து, என் டம்ளர்ல" என்று ஆரம்பித்து, மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினார். உங்கள நம்பினேன் என்றார். மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார். அக்காவின் பரீட்சை என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தது. ட்ரெயின் போனால் பாத்திரம் ஆடும். இயற்பியல் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு குட்டி யானை வண்டியில் சாமான் ஏற்றினோம். அக்கா புத்தகத்தோடு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பரீட்சைகளுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் போய் எழுதினாள். நினைத்த மார்க் வரவில்லை, நினைத்த காலேஜ் கிடைக்கவில்லை. இன்று அவள் நாவலூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஜூனில் எனக்குப் புதுப் பள்ளிக்கூடம். முதல் வாரத்தில் எல்லோரும் அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார் டீச்சர். நான் எழுந்து, எங்களிடம் இரண்டு நாய்கள் இருந்தன, நாங்கள் மலையேறுவோம் என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாய்க்கு ஒருநாள் உடம்பு சரியில்லாமல் போனது, அப்பா அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவு பெரிய சோபா இருந்தும், எத்தனை பேர் கூப்பிட்டும், அதில் போய் உட்காரவே இல்லை என்று சொன்னேன். எங்கள் அப்பாவுக்கு நாய்கள் என்றால் அவ்வளவு பிரியம்.